பகிர்ந்ததற்கு நன்றி

ஈவ்லினுக்கு வாய் அதிகம் என்று சாந்தோம் சர்ச் பங்கில் எல்லாருக்கும் தெரியும். ஊரூர் குப்பத்தை ஒட்டிய மாலை நேர மையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாசலில் ஆள் தலை தெரிந்தாலே உள்ளே இருந்தபடி திட்ட ஆரம்பித்துவிடுவாள். பரீட்சைக்கு மட்டம் போட்டவனுக்கு வசவு, சாப்பிடாமல் வந்தவளுக்கு வசவு. வாங்கிக்கொண்டு பிள்ளைகள் சிரித்தபடி உட்காருவார்கள். ஒருத்தரும் வராமல் இருந்ததில்லை.

அப்புறம்தான் மையத்தின் தேனாம்பேட்டைத் தலைமை அலுவலகத்திலிருந்து தர மேம்பாடு என்ற புதுத் திட்டம் வந்து சேர்ந்தது. இளைஞர்களோடு அன்றாடம் பழகும் விதமே மாற வேண்டுமாம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். நடத்துகிறவர் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. ‘பகிர்ந்ததற்கு நன்றி’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்க வேண்டும். இது என்ன கூத்து என்று ஈவ்லின் முதலில் உதட்டைச் சுழித்தாள். ஆனால் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். வந்த நாளிலிருந்து வாயே திறக்காத ருக்சார் ஒரு நாள் அந்த வட்டத்தில் பேசினாள். அழுதுகொண்டே பேசி முடித்தாள். தன் வசவுதான் இத்தனை நாள் அந்தப் பெண்ணின் வாயை அடைத்து வைத்திருந்தது என்று ஈவ்லினுக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து நாக்கைக் கட்டிப்போடப் பழகினாள்.

தலைமை அலுவலகத்துப் பவுல்சாமி, அவள் வட்டம் நடத்துவதற்கு மதிப்பெண் போட வந்து மூலையில் உட்கார்ந்த சாயங்காலம் பார்த்துத்தானா சஃப்வான் அதைச் சொல்ல வேண்டும்? பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் அவன். வேலை தேடித் தேடி அலுத்துப்போயிருந்தான்.

"வேலை கெடைச்சிட்ச்சு மிஸ். பாங்காக்ல, கம்ப்யூட்டர் வேலை. ஏஜென்ட்டே டிக்கெட் போட்டுட்டாரு. நாளைக்குக் கெளம்புறேன்."

வேளச்சேரியில் ஈவ்லினின் தங்கை குடியிருக்கும் மாடியில் ஒரு பையன் இப்படித்தான் போனான். இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, எல்லை தாண்டிக் கொண்டுபோய், ஃபோனில் ஊரை ஏமாற்றும் வேலையில் உட்காரவைத்துவிட்டார்கள். மாட்டேன் என்றதற்கு அடி. எப்படியோ திரும்பி வந்தவன் இன்னும் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு, அந்த பாஸ்போர்ட்டை இப்பவே கொண்டு வந்து என் கையில் கொடு என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மூலையில் பவுல்சாமி பேனாவை எடுத்தார். சஃப்வான் சொல்லி முடித்த பிறகும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பகிர்ந்ததற்கு நன்றி, சஃப்வான்," என்று சொல்லிவிட்டு ஈவ்லின் அடுத்த பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். முறைப்படியும் அதுதான் சரி. முடிந்ததும் பவுல்சாமி பிடித்துக்கொண்டார். மனிதர் நல்லவர், மெய்யாகவே பூரித்துப்போயிருந்தார். அந்தப் பையன் பேசியபோது நீங்கள் காத்த அமைதி இருக்கிறதே, அது எல்லா மையத்துக்கும் வர வேண்டும், அடுத்த பயிற்சியை நீங்களே நடத்திக் காட்டுங்கள் என்றார். யாராவது அவளைப் பாராட்டி எத்தனை காலமாயிற்று. பாழாய்ப்போன மனசு, அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. வெளியே வந்தபோது பையன் இல்லை, ஃபோனையும் எடுக்கவில்லை. விடிந்ததும் வீட்டுக்கு ஓடினாள். கதவில் பூட்டு. குடும்பத்தோடு ஏர்போர்ட்டுக்குப் போயாச்சு, இந்நேரம் பிளேன் ஏறியிருப்பான் என்றார்கள் எதிர் வீட்டில்.

அடுத்த வாரம், வட்டம் கூடியிருந்த நேரத்தில், சஃப்வானின் அம்மா நஸ்ருன்னிசா மையத்து வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போன மறுநாள் ஒரு முறை பேசினானாம், அதோடு பேச்சே இல்லையாம். ஏஜென்ட்டின் கடை பூட்டிக் கிடக்கிறதாம். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"எனுக்கு மனசே இல்ல டீச்சர். போவாதடான்னு அழுதேன். அவன்தான், ‘மிஸ்ஸாண்ட சொல்லிட்டேம்மா, தப்பா இருந்தா மிஸ் என்னை உடுவாங்களா, ஒண்ணியும் சொல்லாம நன்றின்னாங்க’ன்னான். அதான் அனுப்புனேன்."

ஈவ்லின் கதவைப் பிடித்துக்கொண்டாள். நஸ்ருன்னிசா முந்தானையில் துடைத்துத் தன் ஃபோனை நீட்டினாள்.

"நீங்க ஒருவாட்டி வாட்ஸப்புல பேசி அனுப்புங்க. உங்க கொரலக் கேட்டா பதில் போடுவான்."

ஈவ்லின் திரையில் மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். அன்றைக்கு விழுங்கியதை எல்லாம் பேசினாள். முட்டாப்பயலே என்றாள், யாரைக் கேட்டுடா போன என்றாள், காலை ஒடிச்சுடுவேன் வந்து சேருடா என்றாள். குரல் உடைந்த பிறகும் திட்டிக்கொண்டே இருந்தாள். வட்டத்தில் இருந்த பிள்ளைகள் யாரும் குறுக்கே பேசவில்லை. விரலை எடுத்ததும் செய்தி போனது. பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்தது, அவன் ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் இரண்டாவது டிக் விழவில்லை. இரண்டு பெண்களும் தலைகள் ஒட்ட அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சம் மங்கும்போதெல்லாம் நஸ்ருன்னிசா கட்டைவிரலால் அதைத் தொட்டுத் தொட்டு எழுப்பினாள்.