இரண்டு முறை ஏற்றிய பெயர்கள்

அக்காவின் மருந்துக்கடைக் கணினியைப் பற்றி அவனுக்கு என்றுமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. பதினாறு வருடத்துக் கிழம் அது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. பில் அடித்தால் பிரிண்டர் போடும் சத்தத்தில் மாடி வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் மட்டும் மூன்று முறை அது நட்டநடுப் பகலில் படுத்துக்கொண்டது. கடைசி முறை எழுப்புவதற்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

"நீயே வந்து மாத்திக் குடுத்துட்டுப் போடா. வெளியாளக் கூப்பிட்டா அவன் பேசறது எனக்கு ஒண்ணும் புரியாது" என்று அக்கா போனில் சொன்னாள். கடைகளின் பில்லிங்கையும் தகவல்களையும் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு மாற்றிக் கொடுப்பதுதான் அவனுடைய பிழைப்பே. ஊரார் கடைக்கெல்லாம் செய்கிறவன் அக்கா கடைக்குச் செய்யாமல் எப்படி? நாலு நாள் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான்.

அத்தான் நன்றாக இருந்தவரை அந்தக் கணினியில் கவுண்டர் ஆள் பில் அடிக்கலாமே தவிர, வேறு எதிலும் யாரும் கை வைத்துவிட முடியாது; அக்கா அதன் பக்கமே போனதில்லை. எட்டு மாதத்துக்கு முன் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அதற்குமுன் இருந்த அத்தானே வேறு. எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார். மச்சானுக்கு வெளியூரில் ஒரு தும்மல் வந்தால்கூட, டாக்டர் எழுதியதைப் போனில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியாக வேண்டும். "இத விட்டுடு, இதுக்குப் பதிலா வேற எழுதித் தரச் சொல்லு" என்பார் சில சமயம். முப்பத்தாறு வயது ஆளிடம் இது என்ன அதிகாரம் என்று அவன் பல்லைக் கடித்துக்கொள்வான். அவனுக்குப் பன்னிரண்டு வயதில், அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், லீவுக்கு இந்த வீட்டுக்கு வந்து காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தபோது குளவி கொட்டி முகம் பூசணிக்காயாக வீங்கியதும், அத்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் குடும்பத்தில் அலுக்காத கதை. அன்றைக்கு ஓட ஆரம்பித்த மனுஷர் இன்னும் நிற்கவில்லை என்று அக்கா கேலி செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காலையிலேயே உட்கார்ந்துவிட்டான். முதல் வேலையாகப் பழைய தகவல் முழுவதையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்தான். அந்த ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆறாயிரம் மருந்துகளின் பெயர், காலாவதித் தேதி, எந்த அலமாரி என்பதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுப் புது இடத்துக்கு நகர்ந்தன. தகராறு வந்தது வாடிக்கையாளர் பட்டியலில்தான். மூவாயிரத்துச் சொச்சம் பேர். அதில் நூற்று நாற்பத்து மூன்று பேர் இரண்டிரண்டு முறை இருந்தார்கள். அதே பெயர், அதே போன் நம்பர், அதே தெரு.

"அக்கா, இங்க வந்து பாரேன். அத்தான் ஒரே ஆள ரெண்டு தடவ ஏத்தி வெச்சிருக்காரு."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "எப்பலேருந்து?"

"ரொம்ப வருஷமாவே இருக்கு."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு மெதுவாக, "அப்பவே மறதி ஆரம்பிச்சிருக்கு போலடா. நான்தான் கவனிக்காம இருந்துட்டேன்" என்றாள்.

ஒருவர் நோயில் விழுந்துவிட்டால், அதற்குமுன் அவர் செய்ததெல்லாம்கூட நோயாகத்தான் மற்றவர் கண்ணுக்குப் படுகிறது. பட்டியலில் அவன் பெயரும் இரண்டு முறை இருந்தது. சொந்த மச்சானை ஏற்றியதையே மறந்துவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறாரே! அத்தானையே கேட்டிருக்கலாம். பின்கட்டில் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். தலையாட்டத் தெரியும், இடது கை நன்றாக வேலை செய்யும். கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. பேச முடியாதவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அந்த வீடே எட்டு மாதத்தில் பழகிப்போயிருந்தது. முதலில் தன் பெயரை ஒன்றாக்கிச் சோதித்துப் பார்த்தான். சரியாக வந்தது. மீதி நூற்று நாற்பத்திரண்டும் ஒரே தட்டில் முடிந்தது.

திங்கட்கிழமை காலையில் புதுத் திரை பளிச்சென்று எரிந்தது. கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுக்கும் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "தொட்டாலே ஓடுதே தம்பி!" என்று அவர் குழந்தை மாதிரி சிரித்தார். பத்து மணிக்கு அக்கா அத்தானைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, கவுண்டருக்கு உள்பக்கம், அவர் எப்போதும் உட்காரும் இடத்தில் விட்டாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தே முக்காலுக்குத் தையல்காரரின் மனைவி வந்தார். கணவருக்கு மூன்று நாளாகத் தொண்டை வலி, காய்ச்சல். புது டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. கவுண்டர் அம்மா போன் நம்பரைத் தட்டினார். தையல்காரர் பெயர் ஒரு வரியில் வந்தது. அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து, "சாப்பிட்டதும் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று உறையில் எழுதினார்.

தட்டென்று ஒரு சத்தம். அத்தான் இடது கையால் மேசையில் அறைந்திருந்தார். எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார். தொண்டையிலிருந்து என்னவோ வந்தது, வார்த்தையாக வரவில்லை.

"ரெண்டா? பாத்ரூம் போகணுமா?" என்றாள் அக்கா. அவர் பலமாகத் தலையசைத்து மறுத்தார். "இன்னொரு காபி வேணுமா?" அதற்கும் இல்லை. விரல்கள் இறங்கவில்லை. தையல்காரரின் மனைவி, "பாவம், உடம்ப அலட்டிக்காதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உறையைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். "பழசத் தூக்கிட்டோம்னு வருத்தமா அத்தான்? அது இனிமே தாங்காது. நான் எல்லாத்தையும் பத்திரமா மாத்திட்டேன்." சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பின்னால் அதை நினைத்து அவன் கூனிக் குறுகியது கொஞ்சநஞ்சமல்ல. அத்தான் அந்த இரண்டு விரல்களாலேயே அவன் தோளில் இடித்தார். வலித்தது. அக்கா அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் ஓய்ந்தது. கவுண்டர் அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "இதுல ரெண்டு ரெண்டா வரவே மாட்டேங்குது. அந்த வேல மிச்சம்."

"என்ன ரெண்டு?"

"பேருதான் தம்பி. பழசுல எழுதி வெக்க எடம் கெடையாதே. ஒரு மருந்து ஆகாத ஆளுங்கள உங்க அத்தான் ரெண்டு தடவ ஏத்தி வெச்சிருப்பாரு. ரெண்டு வரி வந்தா நிறுத்தணும். அவரக் கேக்கணும், இல்லன்னா நோட்டப் பாக்கணும். புதுசுல அதெல்லாம் மெஷினே பாத்துக்கும்னு நெனச்சேன்."

"எந்த நோட்டு?"

இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு நீளமான பழைய நோட்டை எடுத்தார். காலையிலிருந்து போட்ட நாற்பத்தொரு பில்லையும் திரையில் வரிசையாக வரவழைத்து, பழைய பிரதியில் இரண்டு முறை இருந்த பெயர்களோடு ஒத்துப் பார்த்தான். ஒரே ஒரு பெயர் அகப்பட்டது. நோட்டில் அத்தானின் குண்டுக் கையெழுத்து: தையல்காரர். பென்சிலின் வகை எதுவும் கூடாது. போன தடவை மூச்சு அடைத்தது. கவுண்டர் அம்மா காலையில் கொடுத்த மாத்திரையின் பெயரைப் படித்தார். "அதே வகைதான் தம்பி" என்றார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தையல்கடை மூன்று தெரு தள்ளி. செருப்பு ஒன்று வழியிலேயே போனது, அவன் நிற்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது தையல்காரர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் சாப்பிட்ட தட்டு, கிழித்த மாத்திரைப் பட்டை. உதடு தடித்திருந்தது.

"தொண்டைல என்னமோ நிக்கற மாதிரி இருக்கு தம்பி" என்றார். பாதிக்கு மேல் குரல் வரவில்லை.

எதிர்க் கடைக்காரரின் காரில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவருடைய நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, முகம் நீலம் பாரித்திருந்தது. தொடையில் ஊசி போட்டு, மூக்கில் காற்றுக் குழாய் மாட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் அவர் மனைவி அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தான்.

"எது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"என்னமோ ஒண்ணு ஆகாதுன்னு தெரியும். பேரெல்லாம் எனக்கெதுக்குத் தம்பி? கடையில பாத்துக்குவாங்களே" என்றார் அவர்.

திட்டியிருந்தால் தேவலை. மாலை நாலு மணிக்கு டாக்டர் வந்து, ஆபத்து இல்லை, இரண்டு நாள் இருக்கட்டும் என்றார். தையல்காரரின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஓடி வந்தானே என்று நன்றி சொன்னார். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

கடைக்குத் திரும்பியதும் ஷட்டரை இறக்கச் சொன்னான். பின்கட்டுக்குப் போய் அத்தானின் முன்னால் நின்றான். "தையல்காரர் பொழச்சுட்டாரு அத்தான். நான்தான் ரெண்ட ஒண்ணாக்கினேன். உங்களக் கேக்காம செஞ்சது தப்பு." அத்தான் கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு விட்டார். அக்கா சுவரோரம் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். "மறதின்னு சொல்லிட்டேனே, என் வாய்ல மண்ணு விழ" என்றாள்.

அத்தானைக் கணினிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். புது மென்பொருளில் எச்சரிக்கை எழுதுவதற்கென்றே ஓர் இடம் இருந்தது. எழுதினால் பெயருக்குக் கீழே சிவப்பாக இரண்டாவது வரி வரும், அதைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளாமல் பில் நகராது. இவ்வளவு வசதி இருந்தும், எழுத வேண்டியது ஏதாவது உண்டா என்று அவன் யாரையும் கேட்கவில்லை. நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். கவுண்டர் அம்மா பெயரைப் படிக்க, அவன் ஏற்றி நம்பரைத் தட்டிக் காட்ட, அத்தான் சிவப்பு வரியைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார். அவர் தலையாட்டாமல் அடுத்ததற்குப் போகவில்லை. இரண்டு இடத்தில் மறுத்தார். பார்த்தால் அவன்தான் மருந்தை மாற்றி அடித்திருந்தான். நாலு பேருக்கு இன்னொரு மருந்தையும் சேர்க்கச் சொல்லி அலமாரியைக் காட்டினார். எட்டு மாதமாக அவரிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

ஏழு மணிக்கு அந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். மீதமிருந்தது முதல் பக்கம். மற்ற பக்கங்களைவிட அது பழுப்பேறியிருந்தது. கணினியெல்லாம் வருவதற்கு எட்டு வருடம் முந்திய தேதி. அதில் ஒரே ஒரு பதிவுதான்.

ஒன்று. மச்சான். பென்சிலின். என் கையால் கொடுத்தேன். முகம் வீங்கிவிட்டது. குளவி என்று சொல்லிவிட்டேன்.

அவன் அதை இரண்டு முறை படித்தான். தோளில் போட்டுக்கொண்டு ஓடிய கதை, போனில் படிக்கச் சொன்ன மருந்துச் சீட்டுகள், விட்டுவிடச் சொன்ன மாத்திரைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இந்த நோட்டே அவனிடமிருந்துதான் ஆரம்பித்திருக்கிறது. அந்தப் பெயரைத்தான் அவன் முதலில் எடுத்து ஒன்றாக்கிச் சோதித்துப் பார்த்தான். இந்த எட்டு மாதத்தில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வராமல் இருந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது?

"குளவி இல்லையா அத்தான்?" என்றான், தணிந்த குரலில்.

அத்தான் அவன் முகத்தையே பார்த்தார். இல்லை என்று தலையசைத்தார். இருபத்து நாலு வருடமாக மனைவியிடம்கூட சொல்லாததைச் சொல்லிவிட்டு, இடது கையால் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். "என்னடா குளவி?"

"ஒண்ணுமில்லக்கா. பழைய கதைய அத்தானுக்கு ஞாபகப்படுத்திட்டிருந்தேன்." நோட்டை மூடினான்.

தன் பெயரை எடுத்து எச்சரிக்கையில் மருந்தின் பெயரை மட்டும் எழுதினான். அத்தான் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினார். அவன் போன் நம்பரைத் தட்டினான். பெயர் வந்தது, அதற்குக் கீழே சிவப்பாக இன்னொரு வரியும் வந்தது.

"ரெண்டு வரி வந்துடுச்சு அத்தான்" என்றான். "இனிமே காய்ச்சல் வந்தா முன்ன மாதிரியே போன்ல படிச்சுக் காட்டறேன். அக்கா போன உங்க காதுல வெப்பா. நீங்க தலையாட்டினாதான் முழுங்குவேன்."

அத்தான் விரல்களை மடக்கிக்கொண்டார்.