பாலம் வரைக்கும் பார்வை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்களின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். இவற்றைவிடப் பெரிய சாட்சிக்கு நான் எங்கே போவேன்? கோலசிலாங்கூர்ப் பக்கத்து ஆட்கள் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்லுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

1922-ஆம் வருஷம், ஜெராம் சாலையில் இருந்த பாலத்துத் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் செல்லையா மண்டோருக்குப் பாலத்தின் நடுப்பலகை வரைக்கும்தான் கண் தெரிந்தது. அடுத்த பலகையில் கால் வைத்தால் தெரியாது. அந்த வருஷம் ரப்பர் விலையும் படுத்துக் கிடந்தது. செல்லையா மாட்டு வண்டியில் சந்தைக்குக் கருவாடு வாங்கப் புறப்பட்டவர். பாலத்தின் பாதியில், சாயங்காலம் கடைக்குப் பலகை போட்டு அடைக்கிற மாதிரி, இரண்டு கண்ணும் அடைத்துக்கொண்டன. மாடுகளுக்கு வழி தெரியும் என்பதால் சந்தைக்குப் போய், வாசனையை வைத்தே கருவாடு வாங்கி, அதே வண்டியில் திரும்பினார். நடுப்பலகை தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது மாட்டின் வால். "மாட்டு வாலப் பாத்து ஒப்பாரி வெச்சவன் இந்த ஜில்லாவுல நா ஒருத்தன்தான்லா" என்று அவர் சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குக் காரணம் டாக்டர் பசுபதி. யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் வைத்தியம் படித்தவர், பிறகு கண்ணுக்கென்றே தனியாக வியன்னாவுக்குப் போய்ப் படித்தவர். போன இடத்தில் பெரிய சண்டை வந்து, முடியும்வரை அங்கேயே மாட்டிக்கொண்டார். மலாயாவுக்கு வந்து இறங்கியதும், வைத்தியர்களைப் பதிவு செய்யும் ஆபீசில் தம் பட்டத்தை நீட்டினார். அது எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அதன் நாற்காலிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அங்கே இருந்த துரை பட்டத்தை வாங்கிப் பார்த்தார், சுவரில் தொங்கிய தேசப்படத்தையும் பார்த்தார். சண்டைக்குப் பிறகு வியன்னாவை ஆண்ட ராஜாங்கத்தையே துண்டு துண்டாக்கிவிட்டார்கள், படத்தில் அப்படி ஒரு நாடு இல்லை, இல்லாத நாடு கொடுத்த படிப்பு எப்படி இருக்க முடியும் என்று கேட்டார். வேண்டுமானால் பாலத்துத் தோட்டத்தின் எல்லைக்குள் மட்டும் டிரஸ்ஸராக இருந்து புண்ணுக்கு மருந்து போடலாம் என்று துரை பெரிய மனசு பண்ணினார். தோட்டத்தின் எல்லையைச் சர்வேக்காரர்கள் ஓடைக்கு நடுவில் வரைந்திருந்தார்கள். ஓடையின் மேல் பாலம் இருந்தது. சட்டம் அவர் கையை எல்லையோடு நிறுத்தியது. அவர் கொடுத்த பார்வையும் அங்கேயே நின்றுகொண்டது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணைவிடக் கண்தான் அதிகம் இருந்தது. புரை விழுந்து வெள்ளையாகிப்போன கண்களோடு தடவித் தடவி நடந்தவர்களை உட்காரவைத்து, பசுபதி ஒவ்வொருவராக அறுத்துத் திறந்தார். வியன்னாவிலிருந்து ஒரு பெட்டி நிறையத் தடித்த கண்ணாடிகள் கொண்டுவந்திருந்தார். அதில் ஆளுக்கொன்று மாட்டிவிட்டார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது தோட்டமே ஆந்தைக்கூட்டம் மாதிரி இருந்தது. அப்படித் திறந்தவற்றுள் முக்கியமான கண்கள் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி துரைசிங்கத்துடையவை. அவர் பசுபதியின் அக்காள் கமலாதேவியைக் கட்டியவர். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்து, வேலை போகும் நிலையில் இருந்தார். கட்டை அவிழ்த்த அன்று மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இது என்ரை கண் இல்லை, உம்மடை கண். எந்த ஆபீசிலை வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்" என்று அழுதார். பசுபதி அழ வேண்டாம், புதுக் கண்ணுக்கு ஆகாது என்றார்.

சொன்னபடியே வந்தார். ஒரு திங்கட்கிழமை, இருவரும் கோட்டு மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் புறப்பட்டார்கள். நடுப்பலகை தாண்டியதும் துரைசிங்கத்துக்குக் கண் போய்விட்டது. பசுபதி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். துரை மூன்று விரலைக் காட்டி எத்தனை என்றார். துரைசிங்கம் பொய் சொல்லாத மனிதர், அந்தக் காலத்தில். "ஒண்டும் தெரியேல்லை ஐயா" என்றார். பசுபதி நடந்ததை விளக்கி, துரை தோட்டத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தால் போதும் என்று கெஞ்சினார். ஆபீஸ் வேலையை ஆபீசில்தான் பார்க்க முடியும் என்று துரை சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொரு வருஷமும் பசுபதி யாரையாவது கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வருஷமும் இங்கே பார்வையோடு புறப்பட்டவர் அங்கே குருடராக நின்றார். தம் பேர் பதிவாக வேண்டும், தாம் டாக்டர்தான் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதர் வேறு எதையும் கேட்டதில்லை. கல்யாணம்கூடக் கேட்கவில்லை.

1925-இல் மீசை டாக்டர் வந்தார். அவர் வெள்ளைக்காரர், முறையாகப் பதிவானவர், ஏழெட்டுத் தோட்டங்களுக்குச் சுற்றிவந்து கையெழுத்துப் போடுகிறவர். தூங்கும்போது கலையாமலிருக்க அவர் மீசையின் இரண்டு நுனியும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிக்குள் நுழையும். பாலத்தின் மேல் ஆட்கள் உட்கார்ந்து தலையை அந்தப் பக்கம் நீட்டுவதும் இழுப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார், என்ன ஏது என்று கேட்டார், வியக்கவில்லை. தம் பதிவு எல்லா ஜில்லாவுக்கும் செல்லும், இந்தக் கண்களைத் திறந்தது தாம்தான் என்று இவர்கள் கைநாட்டு வைத்துவிட்டால் பார்வையும் எல்லா ஜில்லாவுக்கும் செல்லுமே என்றார். சுருட்டைப் பற்றவைத்தபடி சொன்னார்.

ஏற்பாட்டை எல்லாம் துரைசிங்கம்தான் பார்த்துக்கொண்டார். கோலாலம்பூரில் கம்பெனியின் பெரிய ஆபீசில் அவருக்கு ஓர் இடம் காத்திருந்தது. கண் இருந்தால்தான் அந்த நாற்காலி. பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, மை தடவி, முதல் கையெழுத்தைத் தாமே போட்டார். செல்லையா மண்டோர் இரண்டாவது. விஷயம் கேள்விப்பட்டுப் பசுபதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நின்றார்.

"அத்தான், நீங்களுமோ?"

"நான் போடாட்டி மட்டும் என்ன, சனம் எல்லாம் போட்டிட்டுது."

"இது உம்மடை கண் எண்டு சொன்னீங்கள்."

"இப்பவும் அதைத்தான் சொல்லுறன். கண் தெரியுது தானே? உம்மடை வேலை அதுதானே? ஆரின்ரை பேரிலை எண்டு கண் கேக்குதோ?" என்று சொல்லிவிட்டு, மெதுவாக, "மச்சான், கமலாவின்ரை முகத்தைக் கோலாலம்பூரிலையும் நான் பாக்க வேணும்" என்றார்.

செல்லையா தலையைச் சொறிந்துகொண்டு, "கோச்சுக்காதீங்க டிரஸரய்யா. கருவாட்ட எத்தன நாளைக்கு மோந்து பாத்து வாங்குறது?" என்றார்.

மை காய்ந்ததும் எல்லோரும் கும்பலாகப் பாலத்தைத் தாண்டினார்கள். ஒருவருக்கும் கண் மறையவில்லை. மலாவத்திக் குன்றையும் கலங்கரை விளக்கத்தையும் காட்டிக் காட்டிக் கூச்சல் போட்டார்கள். சிலர் அப்படியே சுங்கை செம்பிலாங் வரை நடந்து கடலைப் பார்த்துவிட்டு வந்து, அது ரொம்பப் பெரிசு என்று சொன்னார்கள். துரைசிங்கம் அந்தக் கரையிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பார்வை கூர்மையாக இருந்தது. தோட்டம், ஆஸ்பத்திரிக் கூரை, கூரைமேல் காய்ந்த துணி எல்லாம் தெரிந்தன. பாலத்தடியில் நின்ற பசுபதியை மட்டும் அவர் பார்க்கவில்லை. மீசை டாக்டர் பெரிய கண் வைத்தியராகப் பேர் வாங்கினார். வேறு டாக்டர் செய்த அறுவையைத் தம்முடையது என்று சொல்லித் திரிந்த குற்றத்துக்காக டிரஸ்ஸர் பசுபதியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த உத்தரவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது துரைசிங்கம்.

ஒரே ஒரு ஜோடிக் கண் பாக்கி இருந்தது. வள்ளியம்மா, ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் விதவை. கைநாட்டு அன்றைக்கு அவள் கண்ணில் கட்டு இருந்ததால், தெரியாத கண்ணுக்கு எப்படிச் சாட்சி வாங்குவது என்று விட்டுவிட்டார்கள். கட்டு அவிழ்ந்த பிறகு செல்லையா மண்டோர் மையோடு, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனார்.

"ஒரு நாட்டு வை தாயி. அந்தப் பக்கமும் கண்ணு தெரியும்."

"யாரு தொறந்தான்னு வெக்கணும்?"

"மீச டாக்டரு."

"கட்டவுத்தப்ப மொத மொத நா பாத்தது ஒரு மூஞ்சி. அதுல மீசையே இல்லியே."

"மீசையாடி முக்கியம்?"

"எனக்கு மொத மொத தெரிஞ்சதே அதுதான். மொத மொத தெரிஞ்சதையே இல்லேன்னுட்டா, அப்புறம் தெரியறதெல்லாம் நெசம்னு எப்படி நம்பறது? போ, போ, மை காயுது."

அவள் மகள் கலாவதியை ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மகள் வீட்டை அவள் பார்த்ததில்லை. கலாவதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுப்பலகைக்கு இந்தப் பக்கம் வந்து காட்டிவிட்டுப் போவாள். இது பசுபதிக்கும் தெரியும். தோட்டத்தை விட்டுப் போகிற அன்று அவர் தகரப்பெட்டியோடு வள்ளியம்மா முன்னால் நின்று, "கைநாட்டை வையும் அம்மா, நான் போறன் தானே, எனக்கு இனி என்ன" என்றார். அவள் மாட்டேன் என்றாள். அவர் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டார். "அப்ப ஒண்டு செய்யும். ஞாயிறு ஞாயிறு பாலத்திலை நிண்டு பாரும். அந்தப் பக்கமும் தெரிஞ்சுதெண்டால், என்னை டொக்டர் எண்டு ஒத்துக்கொண்டிட்டினம் எண்டு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டி நடந்தார்.

பிறகு அவரைக் கோலாலம்பூரில் ஓர் ஆபீஸ் வாசலில் பார்த்ததாகச் சொன்னார்கள். செரண்டாவில் ரயில் நிற்கும்போது சன்னல் சன்னலாகக் கண்ணாடி விற்றதாகவும் சொன்னார்கள். சிங்கப்பூர் வரைக்கும் மனு கொடுக்கப் போனாராம். ரப்பர் விலை ஏறியது, இறங்கியது. வள்ளியம்மா ஞாயிறு தவறாமல் பாலத்துக்குப் போனாள். நடுப்பலகையைத் தாண்டி ஒரு கால் வைப்பாள், இருட்டும், எடுத்துக்கொள்வாள். அவ்வளவுதான். தண்ணீர் பிடிக்கப் போவது மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

1929-இல், மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, கால் வைத்தாள், இருட்டவில்லை. இன்னொரு காலையும் வைத்தாள். கீழே குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கத்து ஓடை பச்சையாக இருக்கும் என்று அத்தனை வருஷமாக நினைத்திருந்தாளாம். "இதுவும் டீத்தண்ணி மாதிரிதான்டி இருக்கு" என்று எதிரே இரண்டாவது குழந்தையோடு வந்த கலாவதியிடம் சிரித்தாள். "குடுத்துட்டானுவ! எங்க டாக்டருக்குக் குடுத்துட்டானுவ!" என்று பாலத்தின் மேல் நின்று தோட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். செல்லையா மண்டோர் லயத்து வாசலிலிருந்து கேட்டார், உள்ளே போய்விட்டார்.

அப்போது கோலாலம்பூரிலிருந்து மோட்டார் ஒன்று வந்து அந்தக் கரையில் பாலத்தடியில் நின்றது. துரைசிங்கம் இறங்கினார். நல்ல கோட்டு, நல்ல பார்வை.

"ஆர், வள்ளியம்மாவே? இந்தக் கரையிலை நிக்கிறீர்?"

"கண்ணு வந்துருச்சு ஐயா. டாக்டரு எங்க? மோட்டார்ல இருக்காரா?"

துரைசிங்கம் தொப்பியைக் கழற்றினார். பசுபதி செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் போய்விட்டார் என்றும், ஆபீஸ் வெள்ளிக்கிழமை அவர் பேரைக் கண் வைத்தியராகப் பதிந்துவிட்டது என்றும் சொன்னார். இனி அவர் தொழில் செய்யப் போவதில்லை ஆகையால் ஆட்சேபம் நீங்கியது என்று துரை விளக்கினாராம். வள்ளியம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"சாவறதுக்கு முன்னாடி, நீங்களாவது அவருகிட்ட டாக்டருன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

துரைசிங்கம் மோட்டாரைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, மகள் வீட்டைப் பார்க்க ஜெராம் சாலையில் நடந்தாள்.

கைநாட்டு வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது கதையாக இருந்தால் அவர்கள் கண் அவிந்திருக்கும். நடந்தது என்பதால் எல்லோரும் கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொண்டு செத்தார்கள். துரைசிங்கம் கண்ணாடி இல்லாமலேயே படிப்பார். பலகைப் பாலத்தை எடுத்துவிட்டு இப்போது சிமெண்டுப் பாலம் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் நடுவில் வந்ததும் ஆட்கள் சைக்கிளை நிறுத்தி, ஒருமுறை கண்ணைச் சிமிட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் மழை வருமா என்று பார்த்தோம் என்பார்கள். இத்தனையும் நான் என் கண்ணால் பார்த்தது.

எனக்குப் பிறவியிலிருந்தே இரண்டு கண்ணும் தெரியாது.