பாங்காக் டானிக்

1

இந்தக் கதை ஒரு பூச்செடிப் பாத்தியிலிருந்து வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், சரவணம்பட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். [அப்போது அங்கே சோளக்காடுதான் அதிகம், வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றும்.] ஒரு வீட்டின் முன்னால் செவ்வந்திப் பாத்தியைச் சுற்றி, செங்கல்லுக்குப் பதிலாகப் பழுப்பு நிறச் சின்னச் சீசாக்களைத் தலைகீழாகப் புதைத்து வரப்பு கட்டியிருந்தார்கள். இருமல் மருந்துச் சீசா போலிருந்தது. ஒரு வீட்டில் இத்தனை இருமலா என்று நின்றுவிட்டேன். உள்ளே நாற்காலியில் இருந்த மனிதர் என்னைக் கண்டதும் எழுந்தார். அவர் எதிர்பார்த்த ஆள் நானில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் எழுதிய தொடக்கம்: “தூக்கம் வராத நகரத்தில் இதயம் என்பது ஒரு” — அடித்துவிட்டேன். ஒரு என்னவென்று எனக்கே தெரியவில்லை. கோயமுத்தூர் நேரத்தோடு படுக்கிற ஊர் வேறு.

இரண்டாவது: “பரீட்சைக்கு முந்தின நாள் கவின் அந்தச் சீசாவைத் திறந்தபோது” — இதுவும் போயிற்று. பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு யாராவது காப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள். எனக்கு வேண்டியது, யாரும் எதுவும் கொண்டுவந்து கொடுக்காத ஓர் ஆள்.

2

சசிதர் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சாய்சரணுக்கு பாங்காக்கில் வேலை. மருமகளின் பிரசவத்துக்கென்று அங்கே போன மனைவி பங்காரம்மா, பேரனை விட்டுவர மனமில்லாமல் தங்கிவிட்டார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அதனால் யாரிடமும் குறைசொல்லவும் வழியில்லை.

மகன், ஊருக்கு வருகிறவர்களிடம் பெட்டி பெட்டியாக அந்தச் சீசாக்களைக் கொடுத்துவிட்டான். “தெம்பு வரும் நாயனா, குடிங்க” என்று போனில் அப்பாவிடம் சொன்னான். சீசாவின் மேல் ஒட்டியிருந்ததெல்லாம் தாய்லாந்து எழுத்து. வாசனை இருமல் மருந்து வாசனை. சசிதருக்குச் சந்தேகமே வரவில்லை, டானிக்தான். அரிஷ்டம் குடிப்பது போலக் காலையிலும் மாலையிலும், வெறும் வயிற்றில், பக்தியோடு குடித்தார்.

நெஞ்சு படபடத்தது. விரல் நடுங்கியது. தூக்கம் விட்டுப்போயிற்று. அந்தப் படபடப்பை அவர் கெடுதலாக நினைக்கவில்லை என்பதுதான் விசேஷம். யாரோ வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அதே மாதிரி இருந்தது. நாள் முழுதும் அடித்துக்கொண்டது. வந்ததென்னவோ ஒருவர்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

3

அவர் ஈஸ்வரமூர்த்தி. பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஒரு நாள் மோட்டார் கழற்ற ஸ்பேனர் கேட்டு வந்தார்.

“ஒரு வாய் குடிங்க கவுண்டரே, பையன் பாங்காக்ல இருந்து அனுப்புனது.”

“இருக்கட்டுங்க. இப்பத்தான் ஊட்ல மோர் குடிச்சுப்போட்டு வாரேன்.”

“அதெப்படிங்க, வந்தவிங்க வெறும் வாயோட போறது?”

கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்துமுடித்தார் ஈஸ்வரமூர்த்தி.*

* எங்கள் பக்கம், கொடுத்ததில் பாதியை மிச்சம் வைத்தால் கொடுத்தவரை அவமதித்ததாக ஆகும். வேண்டாம் என்பதும், வற்புறுத்துவதும், பிறகு குடிப்பதும்தான் முறை. வேண்டாம் என்றவர் உண்மையிலேயே வேண்டாம் என்றாரா என்பதைக் கண்டுபிடிக்க இந்த முறையில் இடமில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தார். பிறகு எல்லா ஞாயிறும். செருப்பைக் கழற்றும்போதே, “ஏனுங்க மாஸ்டர், பையன் போன் பண்ணுனாங்களா?” என்பார். சசிதர் உள்ளே போய்ச் சீசாவோடு வருவார். மழையைப் பற்றியும், கரண்டு போவதைப் பற்றியும் பேசுவார்கள்.

ஒரு முறை பெட்டி தீர்ந்துபோயிற்று. அந்த ஞாயிறு ஈஸ்வரமூர்த்தி வரவில்லை. மகன் அடுத்த பெட்டியை அனுப்பினான், அவரும் வந்தார். சசிதர் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மனிதர் வருவது டானிக்குக்காக.

[ஈஸ்வரமூர்த்தி அந்த ஞாயிறு பவானியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதை அவர் சொல்லவில்லை. சசிதரும் கேட்கவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டால் கணக்குக் கேட்பது போலாகிவிடுமாம்.]

4

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். காப்பியில் இருக்கிற காஃபின்தான் அந்தச் சீசாவிலும் இருந்தது. அது தெம்பு தருவதில்லை. கோயமுத்தூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், சோர்வு என்பது உடம்புக்குள் ஊதுகிற மில் சங்கு. காஃபின் அதன் வாயைத் துணியால் அடைக்கிறது. ஷிப்டு முடிந்தது தெரியாமல் உடம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கை நடுங்கும். இளவட்டம் கொஞ்சநாள் தாங்கும். ஏற்கெனவே நெஞ்சில் கோளாறு உள்ளவர் பாடு ஆபத்து.

சசிதர் டாக்டர் ராமாமணியிடம் போனார்.

“காப்பி, டீ நெறைய குடிப்பீங்களா?”

“ரெண்டும் தொடறதில்லீங்க.” பொய்யில்லை.

“ஊட்ல யாரு இருக்காங்க?”

“நாந்தானுங்க.”

“அதுதான்” என்று டாக்டர் தூங்குவதற்கு அரை மாத்திரை எழுதினார். படபடப்புக்குப் பெயர் தனிமை என்று ஆகிவிட்டது.

உண்மையைச் சொன்னவர் நசுருதீன், பாங்காக் போய்வருகிற பனியன் வியாபாரி. அடுத்த பெட்டியைக் கொண்டுவந்த அவர், பாத்தி வரப்பில் புதைந்திருந்த காலிச் சீசாக்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். “இத்தனையும் நீங்களே குடிச்சதுங்களா? அங்க லாரி ஓட்டறவிங்க கண்ணு சொக்காம இருக்கறதுக்குக் குடிக்கறதுங்க இது. காப்பியோட வேலைதான், பல மடங்கு. பையன் சொல்லலீங்களா?”

“சொல்லியிருப்பானுங்க. தெம்புன்னது மட்டுந்தான் என் காதுல உளுந்துது.”

சசிதர் சீசாவோடு மறுபடி டாக்டரிடம் ஓடினார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “உங்களுக்கே ஆகாதுங்க இது. நெஞ்சுவலி வந்தவிங்க கண்ணுல காட்டக்கூட வேண்டாம்.”

ஈஸ்வரமூர்த்தி போன வருஷம் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். சசிதருக்கு அது தெரியும்.

அன்றே சசிதர் தன் பங்கை நிறுத்தினார். கொஞ்சநாள் தலை பிளந்தது. பிறகு நெஞ்சு அடங்கிவிட்டது. யாரும் வரப்போவதில்லை என்று அதற்கும் தெரிந்துபோன மாதிரி இருந்தது. வீட்டில் அத்தனை அமைதியை அவர் அதுவரை கேட்டதில்லை. எழுதும்போது எனக்கே தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது. சொன்னால், வருகிற அந்த ஒரே ஆளும் வரமாட்டார். சொல்லாவிட்டால்...

5

முதல் முடிவு: சசிதர் சொல்லிவிடுகிறார். ஈஸ்வரமூர்த்தி நன்றி சொல்லிப் போகிறார். பிறகு வரவேயில்லை. எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: சசிதர் சொல்லவில்லை. வழக்கம்போலச் சீசாவைக் கொண்டுவந்து நீட்டுகிறார். ஈஸ்வரமூர்த்தி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, சட்டைப் பைக்குக் கையை —

இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

மூன்றாவது: அதே சீசாவில் நன்னாரி சர்பத்தை ஊற்றிக் கொடுக்கிறார். கெட்டிக்கார முடிவு. ஆனால் அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொய்யோடு உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேச வேண்டும். அந்த மனிதருக்கு அது இன்னொரு தனிமை. வேண்டாம்.

வேறு வழியில்லாமல் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மூன்றாம் பகுதியில் நின்றுவிட்டேன். ஈஸ்வரமூர்த்தி அந்த டானிக் நன்றாக இருக்கிறது என்று ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தார். அவர் கேட்டதெல்லாம் பையன் போன் பண்ணினானா என்பது மட்டும். எழுதியவன் நான், எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

உங்களுக்கும் தெரிந்துவிட்டது. சசிதருக்குத் தெரியாது. அவரிடம் இந்தத் தாளை நீட்ட என்னால் முடியாது. ஒரு வரியில் தெரியவைத்துவிடலாம்தான். ஆனால் என்னிடமிருந்து தெரிந்துகொண்டால் அவர் ஒருபோதும் ஈஸ்வரமூர்த்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளமாட்டார்.

6

ஞாயிற்றுக்கிழமை. கேட் சத்தம் கேட்கிறது. சசிதர் சமையலறையில் பிரிட்ஜைத் திறந்து நிற்கிறார். மேல் தட்டில் பாங்காக் சீசாக்கள். கீழ்த் தட்டில், நேற்றே உறைக்கு ஊற்றி இன்று கடைந்த மோர். டானிக் குடிக்காமலே அவர் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

வாசலில் செருப்புக் கழலும் ஓசை.

“ஏனுங்க மாஸ்டர், பையன் போன் பண்ணுனாங்களா?”

சசிதர் கையை நீட்டுகிறார். எந்தத் தட்டுக்கு என்று நான் எழுதப்போவதில்லை, பேனாவை மூடிவிட்டேன். உங்கள் வீட்டுக்கும் ஒரே ஒருவர்தான் வருகிறார் என்று வைத்துக்கொண்டு, நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.