உள்பக்கம் திறக்கும் கதவு

நிலா வீட்டுக்காரர்கள் மூவரில் ஒருத்திக்குக் கதவுக்காரி என்று பெயர் விழுந்ததற்கு ஒரே காரணம், கதவு விஷயத்தில் அவள் யார் பேச்சையும் கேட்கமாட்டாள். விண்வெளி வீரர்கள் நிலாவில் தங்க வீடு எப்படி இருக்கவேண்டும் என்று மாணவர்களுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். மற்ற குழுக்கள் காகிதத்தில் வரைந்து கையைத் தட்டிவிட்டுப் போக, இவர்கள் கல்லூரிப் பட்டறையில் ஆள் தங்குகிற மாதிரி ஓர் அறையையே கட்டிவிட்டார்கள். பலகைச் சுவர், இடுக்கெல்லாம் ரப்பர், சுற்றிலும் மண்மூட்டை. நிலாவில் கதிர்வீச்சுக்கு மண்தானே போர்வை!

குழுவுக்குத் தலைவி கதவுக்காரியின் சொந்த அக்கா. காற்றும் தண்ணீரும் அவள் பொறுப்பு. மூன்றாமவன் மேஸ்திரி. கட்டடக்கலை மாணவன், சிமென்ட் பூசும் கரணையைக் கையால் தொட்டறியாதவனுக்கு அந்தப் பட்டம் கேலிக்குக் கிடைத்தது.

கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதில் அவனுக்கும் இவளுக்கும் முகம் கொடுத்துப் பேச்சே இல்லை என்கிற அளவுக்குச் சண்டை.

"வெளிப்பக்கம் தொறக்கட்டும். ஆபத்துன்னா ஆளு ஓடி வரணும்ல?" என்றான் மேஸ்திரி.

"எங்க ஓடி வர்றது? வெளியில காத்தே கிடையாது, புத்திசாலி! உள்ள இருக்கற காத்து கதவை வெளிய அழுத்திக்கிட்டே இருக்கும். உள்பக்கம் தொறக்கற கதவுன்னாதான் நிலையோட இறுகி நிக்கும்."

"சரி, உள்ள ஒருத்தர் மயங்கிக் கதவு மேலேயே விழுந்துட்டா?"

"நிலாவுல எடை ஆறுல ஒரு பங்குதான். எங்க அக்கா அங்க பத்து கிலோ. ஒத்தை விரலால நகர்த்திடுவேன், போவியா!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கை வைத்ததே சட்டமாயிற்று.

சோதனைக்காக அக்கா காலையிலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காற்றை இழுத்துவிடும் விசிறியை பேட்டரியில்தான் ஓட்டவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். நிலாவில் எந்தக் கம்பத்திலிருந்து கரன்ட் இழுப்பதாம்! மத்தியானம், உள்ளே மாட்டியிருந்த கேமராவை லேப்டாப்பில் பார்த்தால் அவள் படுக்கையில் சுருண்டு கிடந்தாள்.

"தின்னதும் கவுந்துட்டா பாரு, சோம்பேறி," என்று தங்கை கிண்டலடித்தாள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "விசிறி சத்தமே கேக்கலையே," என்றான்.

தங்கை லேப்டாப்பை வெடுக்கென்று தன் பக்கம் திருப்பினாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அக்கா படுக்கையில் இல்லை. கதவடிக்கு வந்து சரிந்திருந்தாள். பேட்டரி தீர்ந்து எவ்வளவு நேரமோ! துளிக் காற்று புகாமல் ரப்பர் வைத்து அடைத்தோம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்களே, அந்த அறைக்குள் அவள் விட்ட மூச்சையே அவள் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தங்கை ஓடிப்போய்க் கதவில் தோளைக் கொடுத்தாள். இரண்டு விரல் அளவு திறந்தது. உள்ளேயிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. அப்புறம் கதவு நகரவில்லை.

"அக்கா, தள்ளு! கொஞ்சம் தள்ளுக்கா!"

திறந்த இடுக்கும் மூடிக்கொண்டது. ஐயோ, இதென்ன கொடுமை! மறுபடி முட்டினாள். மறுபடி மூடிக்கொண்டது. "தள்ளுக்கா! தள்ளு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"கத்தாத!" திரையருகிலிருந்து மேஸ்திரி அலறினான். "நீ சொல்லச் சொல்ல அவங்க கதவைத் தள்ளுறாங்க! தண்ணி டிரம்ல காலை ஊனிக்கிட்டு, முதுகால தள்ளுறாங்க!"

 'தள்ளு' என்பது படுக்கையில் இடம் கேட்டுத் தங்கை தினமும் அக்காவிடம் சொல்லும் வார்த்தை. நகர்ந்துகொள் என்று இவள் சொல்ல, கதவைத் தள்ளு என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பாதி மயக்கத்தில் இருக்கிறவளுக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதா நினைவிருக்கும்?

"விலகுக்கா! அந்தப் பக்கம் உருண்டுடு! தள்ளாத!"

பதிலில்லை. மேஸ்திரி வந்து அவனும் தோள் கொடுத்தான். அப்போது கதவு தானாகவே வழிவிட்டது. எதிர்ப்பு இல்லாமல், மெதுவாக. அந்தப் பக்கத்துப் பலம் தீர்ந்துவிட்டது என்று தங்கைக்குப் புரிந்தது. கதவு திறக்கிறதே என்று நடுங்கியவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒருக்களித்து நுழைந்து, அக்குளில் கைகொடுத்து, இருவருமாக இழுத்து வெளியே போட்டார்கள். அக்காவின் முகம் சிவந்து வியர்வையில் ஊறியிருந்தது. மேஸ்திரி ஆம்புலன்ஸுக்கு போன் செய்துகொண்டே அட்டையால் விசிறினான். இவள் அக்காவின் மார்பில் காதை வைத்துக்கொண்டு கிடந்தாள். மூச்சு இருந்தது. முரட்டு மூச்சு, ஆனால் இருந்தது.

வெகுநேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்தாள். தங்கையைத் தேடிக் கண்டுபிடித்தாள். குற்றம் செய்தவள் போல உதடு கோணிற்று.

"என்னால ஆன மட்டும் தள்ளினேன்டி... பத்தலையா?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள் அக்காவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பத்திச்சுக்கா," என்றாள்.