நீலமாய் எழுதிய கடிதாசு

ஜன்னல் கம்பியில் அப்பா செருகி வைத்திருந்த காகிதத்தை லலிதாம்பாள் உருவினாள். இரண்டு நாளைக்கு முன் நீலமாய் எழுதியிருந்த அவள் பெயர் கன்னங்கரேலென்று மாறியிருந்தது. சுருட்டி வெந்நீர் அடுப்பில் போட்டாள். அவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எல்லாக் காகிதமும் இப்படித்தான் கறுக்கும்.

அப்பா சேஷனுக்கு அது தெரியாது. திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரில் நகல் எழுதும் குமாஸ்தா. ஒரு மழைக்கு ஆபீஸ் கூரை ஒழுகி, தன் கையெழுத்தெல்லாம் நீலத் தண்ணீராய் ஓடியதைப் பார்த்த அன்று பிடித்தது, அழியாத மை காய்ச்சுகிற கிறுக்கு. கடுக்காயை இடித்து வேகவைத்து, அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்து, பார்வைக்கு நன்றாயிருக்க அவுரி நீலமும் கலந்து, மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பவுண்டன் பேனாவில் ஊற்றுவார். மகள் பெயரை எழுதுவார். காய்ந்ததும் தண்ணீர் தெளிப்பார். கலையாவிட்டால் ஒரு கனைப்பு. அப்புறம் அடுத்த குப்பி. நேற்று எழுதியதைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் நகல் குமாஸ்தாவுக்கு ஏது? பேனா முள்ளை மை பாதி தின்றுவிட்டது. "ஆத்துக்காரி போன ஆத்துல கடுக்காயாவது வேகட்டும்" என்று அடுத்த வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி கிணற்றடியில் சொன்னதற்குக் கரமனைத் தெருவே சிரித்து முடித்தாயிற்று.

இந்த லட்சணத்தில் கல்லிடைக்குறிச்சி வரன் குதிர்ந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துப் பிள்ளை வீட்டுக்கு எழுத வேண்டும். சேஷன் கடை மையிலா எழுதுவார்? தன் கைச்சரக்கில் எழுதி, நாலு மூலையும் மஞ்சள் தடவினார்.

"என்ன நீலம் பாரு! கரமனையாத்துல முக்கினாலும் போகாதாக்கும்."

நாளை மறுநாளே கறுத்துவிடும் என்று சொல்ல லலிதா வாயைத் திறந்தாள். கல்யாணம் வேண்டாமென்று இல்லை. வேண்டுமென்றும் இல்லை. பிள்ளை வந்து பார்த்துப்போன அன்று, விரித்த ஜமுக்காளத்தை மடித்து வைத்ததுதான் அவளுக்கு நினைவிருந்தது.

"காப்பி ஆறிப்போறது" என்றாள்.

பதில் வரவில்லை. பிள்ளையின் தாய்மாமாவே வந்தார். படியேறாமல் தெருவிலேயே நின்றார்.

"ஓய் சேஷன், ஆருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. உள்ள வாங்கோ."

"ஒண்ணும் ஆகலையா? அக்கா உறையைப் பிரிச்சா. கறுப்பு எழுத்தைக் கண்டதும் சாவுக் கடிதாசுன்னு ஒரு வரி படிக்கலை. வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டு அத்தனைபேரும் தலை முழுகினோம். அப்பறம்தான் தபால்காரன் கிழிச்ச துண்டைப் பார்த்துட்டு, 'இதென்ன சாமி, மூலையில மஞ்சள்'ங்கறான்! அக்கா அபசகுனம், இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நிக்கறா."

கோலம் போடுகிற நேரமே இல்லை. ஆனாலும் ஜெயலக்ஷ்மி மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

"நீலம்னா அது! இருங்கோ, காட்டறேன்" என்று சேஷன் உள்ளே ஓடினார்.

லலிதா நிலைப்படியில் வந்து நின்றாள். ஆள் இருக்கிறாளா என்று பார்ப்பதுபோல மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொழந்தே, நீ சொல்லு. உனக்கு இஷ்டம்னா அக்காவை நான் சரிக்கட்டிக்கறேன். இஷ்டம்தானே?"

அவளிடம் இதுவரை யாரும் கேட்காதது. மாமி கிண்ணத்துக்குள் கையை வைத்தபடி அசையாமல் இருந்தாள். லலிதா தனக்குள் தேடிப் பார்த்தாள். மடித்த ஜமுக்காளம்தான் கிடைத்தது.

அதற்குள் சேஷன், மைபட்டுக் கறுத்த விரல்களோடு, ஈரம் உலராத காகிதம் ஒன்றை அவள் கையில் திணித்தார். "காட்டுடி, மாமாகிட்டக் காட்டு!"

நாலு பேர் பார்க்க, லலிதா தன் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுத்து இன்னும் நீலமாய்த்தான் இருந்தது.