ஃபேன் சத்தம் குறையில் சேருமா?

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஆறாம் பகுதியில் வைத்திருக்கிறேன். இப்போதே அங்கே தாவ வேண்டாம், இன்னும் எழுதவில்லை.

சத்தம் என் லேப்டாப்பினுடையது. இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதும் அது கத்திக்கொண்டுதான் இருக்கிறது. வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. எட்டாவது மாதம், உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி ஆரம்பித்தது. மிக்ஸியாவது தேங்காய் அரைந்ததும் நிற்கும்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

"அன்று காலை தக்கலையில் மழை—" (மழையில் தொடங்கும் கதை என்னிடம் ஏற்கெனவே நான்கு இருக்கின்றன.)

"மனிதன் இயந்திரத்தைப் படைத்தான். பிறகு இயந்திரம் மனிதனை—" (இப்படித் தொடங்கும் கதையை நானே வாசிக்க மாட்டேன்.)

"ஜாஸ்பின் மஸ்கட் போகிறேன் என்று சொன்ன மாதத்தில் லேப்டாப் கத்தத் தொடங்கியது."

மூன்றாவது இருக்கட்டும். அதில் பொய் எதுவும் இல்லை.

2

அடுத்தது ஆட்கள். முதல் வரைவில் நாயகனுக்கு ரசலையன் என்றும் மனைவிக்குத் தேவகனி என்றும் பெயர் வைத்திருந்தேன். என் மனைவி ஜாஸ்பின் அதை வாசித்தாள்.

"தேவகனி யாராக்கும்?"

"கதாபாத்திரம்."

"நர்சு. மஸ்கட்டு இண்டர்வியூ. சுருட்ட முடி. நானில்லாம பின்ன யாரு? எனக்க பேரையே போடுங்க. கள்ளப்பேரு வச்சா ஊருக்காரங்க கூடுதலாத் தேடுவாவ."

ஆகவே ரசலையனும் தேவகனியும் இந்த இடத்தோடு விடைபெறுகிறார்கள். நான் சத்தியராஜ். தக்கலைக்குப் பக்கத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வரும் ஓர் ஊரின் ஜங்ஷனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டையும் முழுதாக வாசித்த ஒரே ஆளைத்தான் கல்யாணம் செய்திருக்கிறேன். இரண்டு வருஷம் ஆகிறது.

ஜாஸ்பின் ஏழு வருஷமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி, டிரிப், கட்டு, மறுபடி ஊசி. பெரிய ஐசியூவில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மஸ்கட்டில் இருக்கும் தோழி சகாயசெல்வி ஒரு வழி சொன்னாள்: ஸ்கைப்பில் இண்டர்வியூ, புதன்கிழமை காலை பதினொரு மணி. தவறவிட்டால் அந்த ஆஸ்பத்திரி மறுபடி ஆள் எடுக்க இரண்டு வருஷம் ஆகும்.

ஒத்திகைக்காக ஜாஸ்பின் சகாயசெல்வியை ஸ்கைப்பில் கூப்பிட்டாள். ஐந்து நிமிடம் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்ட பிறகு சகாயசெல்வி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏட்டி, வீட்டுல மாவு மில்லு போட்டியா?"

3

நாகர்கோவிலில் சர்வீஸ் சென்டர். (கம்பெனிப் பெயர் வேண்டாம். வழக்குப் போட்டால் அந்தக் காகிதத்தையும் நான்தான் ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருக்கும்.)

பஸ்ஸில் போகிற வழியில் லேப்டாப் குளிர்ந்து, அங்கே போனதும் நல்லபிள்ளையாகிவிடும் என்று ஜாஸ்பினுக்குக் கவலை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடும் நோயாளிகளை அவள் நிறையப் பார்த்தவள். அதனால் லேப்டாப்பை ஓடவிட்டபடியே கம்பளியில் சுற்றிப் பையில் வைத்து என் மடியில் கொடுத்தாள். வழியெல்லாம் பை உறுமியது.

"உள்ள பூனையா?" என்றார் பக்கத்து சீட்காரர்.

சர்வீஸ் சென்டரில் நல்ல ஏசி. மேசைமேல் வைத்த இரண்டாவது நிமிடம் சத்தம் அடங்கிவிட்டது. லிஜின் என்ற எஞ்சினியர் காதை வைத்துப் பார்த்தார்.

"சத்தம் எங்க அண்ணே?"

"இப்ப வரைக்கும் கத்திச்சு."

"ஃபேன்னா கொஞ்சம் சத்தம் காணும். இது நார்மலாக்கும். சத்தமெல்லாம் குறையில சேராது."

"வேலை பார்க்க விடாத சத்தம் குறை இல்லையா?"

"லேப்டாப் ஓடுதில்லியா? ஓடலேன்னாதான் குறை."

[இந்த இடத்தில் குறை என்றால் என்ன என்று ஒரு சின்னக் கட்டுரை எழுத ஆசைப்பட்டேன். சீலிங் ஃபேன் கிரீச்சிடுகிறது, யாரும் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுவதில்லை. அரசு பஸ் உடம்பெல்லாம் ஆடுகிறது, ஆனாலும் திங்கள்சந்தைக்குப் போய்ச் சேர்கிறது. குறட்டை விடும் கணவனை வாரண்டியில் மாற்றித் தருவதில்லை. ஆகவே சத்தம் என்பது குறையல்ல, அது ஒரு— கட்டுரையை இங்கேயே நிறுத்துகிறேன். எதற்காக இவ்வளவு வாதாடுகிறேன் என்று எனக்கே சந்தேகம் வருகிறது.]

வீட்டுக்கு வந்து, "குறை இல்லையாம்" என்றேன். ஜாஸ்பின் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்றாள்.

இந்தப் பகுதியை எழுதி முடித்ததும் அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"கொள்ளாம். நல்ல கதையாக்கும்," என்று சொல்லிவிட்டு யூனிபாரம் துவைக்கப் போய்விட்டாள்.

4

ததேயுஸ் அண்ணன் இல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் பக்கத்தில் சத்தம் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் மைக் செட்காரரிடம்தான் கேட்போம். ததேயுஸ் அண்ணன் முப்பது வருஷமாக மைக் செட் போடுகிறார். அவர் கத்தோலிக்கர், நாங்கள் சிஎஸ்ஐ. ஆனாலும் எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் என்றால் அவர்தான் வர வேண்டும். இண்டர்வியூ நடக்க வேண்டிய வாரம் பார்த்து அந்தக் கூட்டமும் வந்தது.

இது 2012. மின்சாரம் எப்போது வரும் என்பதைவிட எப்போது போகும் என்பதுதான் எல்லோருக்கும் மனப்பாடம். பதினொரு மணிக்குக் கரண்டு இருக்காது. இந்த லேப்டாப்பின் பேட்டரியோ ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்காது. கன்வென்ஷன் பந்தலில் ததேயுஸ் அண்ணனின் ஜெனரேட்டர் நின்றது. ஜாஸ்பின் என்னிடம் கேட்கவில்லை, நேராக அவரிடமே போய்க் கேட்டாள்.

அவர் வந்து லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"பிள்ளே, இதுக்க மைக்கு ஃபேனுக்கப் பக்கத்துலயாக்கும் இருக்கு. சமையலுக்காரன் பக்கத்துல மைக்க வச்சா பிரசங்கம் கேக்குமா? நான் எனக்க மைக்கத் தாறேன். நீ தள்ளி இருந்து பேசு. நடுவுல எனக்க மிக்ஸர் நிக்கும், இரைச்சல வெட்டிருவேன்."

புதன்கிழமை காலை பந்தலிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்தார். மிக்ஸர் பெட்டியைப் பக்கத்து அறையில் வைத்தார். வெளிச்சத்தம் வரக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் அடைத்தார். ஜாஸ்பின் காதில் ஒரு ஹெட்ஃபோன், அவர் காதில் ஒரு ஹெட்ஃபோன்.

"நிங்க முன்னால நின்னா எனக்கு வாய் வராது. கடைக்குப் போங்க," என்றாள் ஜாஸ்பின்.

முப்பது வருஷப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. மிக்ஸரை ஆன் செய்ததும் ததேயுஸ் அண்ணனின் கை, எல்லாக் கூட்டத்துக்கும் தூக்குவதுபோல, எல்லா லைனின் வால்யூமையும் தூக்கிவிட்டது. அதில் ஒரு லைன் கன்வென்ஷனுக்காக ஜங்ஷன் தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்குப் போகிறது.

5

ஜங்ஷனில் கரண்டு இல்லை. நேசபாய் அக்கா ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்து, கரண்டுக்காகக் கடை பெஞ்சில் காத்திருந்தார். பதினொன்று அடித்ததும் தென்னைமரம், "குட் மார்னிங் மேடம்" என்றது.

"ஏலே சத்தியராஜா, இது ஜாஸ்பினுக்க சத்தமில்லியா?"

நான் கடையிலிருந்து குதித்து ஓடினேன். அதற்குள் மஸ்கட் மேடம் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டார். இரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போகும் ஒரு நோயாளி, முதலில் என்ன செய்வாய்? ஜாஸ்பின் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தன் மாமியாருக்காகக் குறித்துக்கொண்டார். அடுத்த கேள்விக்கும் சரியான பதில். நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பெருமையாக இருந்தது, கேட்க ஆசையாக இருந்தது.

மேடம் மலையாளி. பாதியில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு என்னைப் பற்றிக் கேட்டார்.

"பர்த்தாவினு சம்மதமாணோ?"

தென்னைமரம் தமிழில் பதில் சொன்னது.

"சம்மதம்னு வாய் சொல்லுது மேடம். ஆளுக்கு இஷ்டமில்ல. இந்த லேப்டாப்புல ஒரு இரைச்சல் உண்டு. சரியாக்கித் தாறேன்னு கொண்டு போனாரு. குறையில்லையாம்னு வந்து சொன்னாரு. நான் நர்சாக்கும் மேடம். நெஞ்சுல ஸ்டெத் வச்சா எந்தச் சத்தம் நோய், எந்தச் சத்தம் நோயில்லன்னு எனக்குத் தெரியும். முகத்தப் பாத்தாலும் தெரியும்."

"எந்நிட்டு?" என்றார் மேடம். அப்புறம் என்ன என்று அர்த்தம்.

"அவரு வாயத் தொறந்து போகாதேன்னு சொன்னா நான் இருந்து யோசிப்பேன். சொல்லாம ஃபேன வச்சுத் தடுத்தா, போவேன்."

மேடம் சிரித்தார். ஜங்ஷனில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"கேட்டியா?" என்றார் நேசபாய் அக்கா.

"கேட்டேன்."

"நல்லாக் கேட்டியா?"

6

சரி. மூன்றாம் பகுதிக்குத் திரும்புவோம்.

கம்பளி உண்மை. பூனை உண்மை. ஏசியும் உண்மை. ஆனால் சத்தம் அடங்கவில்லை. சர்வீஸ் சென்டரில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியது. லிஜின் காதை வைக்கக்கூட இல்லை.

"பேரிங் போச்சு அண்ணே. டிஃபெக்டாக்கும். வாரண்டி இருக்கு. ரெண்டு நாளு விட்டுட்டுப் போங்க, புது ஃபேன் மாத்தித் தாறேன்."

"ஃபேன்னா கொஞ்சம் சத்தம் இருக்கும்தானே?" என்றேன் நான்.

"இவ்வளவு சத்தம் வராது."

"சத்தமெல்லாம் குறையில் சேருமா? லேப்டாப் ஓடுகிறதே. ஓடாவிட்டால்தானே குறை?"

ஆம், அந்த வசனமெல்லாம் என்னுடையது. பேசும் ஆளை மட்டும் மாற்றிப் போட்டிருந்தேன். கால்மணி நேரம் வாதாடினேன். தன் சாமானில் குறை இல்லை என்று சண்டை போடும் வாடிக்கையாளரை லிஜின் அதுவரை பார்த்ததில்லை. கடைசியில் வேலைத்தாளில் எழுதினார்: 'சத்தம் உண்டு. குறையில்லை என்று வாடிக்கையாளர் சொல்கிறார்.' நான் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்துகளிலேயே யாரும் திருத்தம் சொல்லாத ஒன்று அதுதான்.

[நான் கெட்டவன் என்று எழுதி, அடித்துவிட்டேன். அது சுலபமான வாக்கியம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எழுதியதை யாரிடம் காட்டுவது, சாப்பாட்டை யாரோடு சாப்பிடுவது என்று பயந்தேன். போகாதே என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போ என்று சொல்ல மனசு வரவில்லை. அந்த ஃபேன் எனக்குப் பதிலாகக் கத்திக்கொண்டிருந்தது.]

7

இண்டர்வியூ முடிந்து மூன்று வாரம். அவள் மேடத்திடம் சொன்னதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. ஊர் பேசிக்கொண்டது. திங்கட்கிழமை மஸ்கட்டிலிருந்து மெயில் வந்தது. ஜாஸ்பினை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும்.

"நான் அனுப்பல்ல," என்றாள். "எனக்குச் சொல்லணும்னு உள்ளத ஊருக்கே கேக்கச் சொல்லியாச்சு. இனி நிங்க சொல்லணும்."

இன்று வெள்ளிக்கிழமை. கதைக்கு முடிவு வேண்டும்.

முடிவு அ: போகாதே என்கிறேன். அவள் இருந்துவிடுகிறாள். பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு சண்டையில் மஸ்கட் என்ற சொல்— (எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: பெருந்தன்மையாகப் போ என்கிறேன். விமான நிலையத்தில் கையசைக்கிறேன். (என் முகம் ஒத்துழைக்காது. அவள் முகம் பார்த்துக் கண்டுபிடிப்பாள்.)

முடிவு இ: லேப்டாப்பை எடுத்துக்கொண்டு லிஜினிடம் போய், குறைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். (அடுத்த வாரம் போவேன். வாரண்டி இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டிய ஆள் லிஜின் இல்லை.)

ஜாஸ்பின் டியூட்டி முடிந்து ஐந்தரை பஸ்ஸில் வருவாள். இந்தக் கோப்பைத் திறந்து மேசைமேல் வைக்கப் போகிறேன். ஆறாம் பகுதியை அவள் இன்னும் வாசிக்கவில்லை. அதற்கும் கீழே அவளுக்கென்று கொஞ்சம் எழுதியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அது தொடங்குகிறது. அதில் போ, போகாதே என்ற இரண்டில் ஒன்றும் இருக்கிறது.

வாசகரே, உங்களுக்கு இவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பேச்சை ஊர் ஒருமுறை கேட்டது போதும். எழுந்து கொஞ்சம் வெளியே நில்லுங்கள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

ஜாஸ்பினே,