பத்தொன்பதாம் பக்கம்

நீதிமன்ற வராந்தாவில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஒரு ஓரம் நான், மறு ஓரம் மாமா. அம்மாவின் தம்பி. என் புருஷனுடைய பழைய வக்கீலும் அவர்தான். அவர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை, அதனால் என் புருஷன் குற்றத்தை ஒத்துக்கொண்டது செல்லாது என்று சாட்சி சொல்லத்தான் நான் வந்திருந்தேன். இன்னொரு பெஞ்சு போட்டால் இவர்கள் சொத்து அழிந்துவிடுமா?

"சாப்பிட்டியா கண்ணு?" என்றார் மாமா.

"ஆச்சு மாமா."

பொய். என் புருஷன் ஜெயிலுக்குப் போன இந்த ஏழு மாதமாகவே சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. அம்மா போனில்கூடப் பேசுவதில்லை. "என் தம்பி பேரைக் கெடுத்துட்டு இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னதுதான் கடைசி. அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தது மாமா, கல்யாணம் செய்து வைத்தது மாமா. எனக்கென்ன, இது தெரியாதா?

என் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்க்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டுவிடுவான். அவன் பூட்டை அவன்தான் திறக்க வேண்டும், அதுதான் அந்தத் தொழிலில் சட்டம். அன்றும் பூட்டிவிட்டு ஒரு உதிரி பாகம் வாங்கக் கடைக்குப் போனான். திரும்புவதற்குள் யாரோ லிஃப்ட்டை ஓட்டி, ஒருவருக்கு இரண்டு காலும் போய்விட்டது. பூட்டாமல் போனான் என்று இவன்மேல் கேஸ். "பூட்டினேன்" என்று மாமாவிடம் சொன்னான். "அதையெல்லாம் நிரூபிக்க முடியாது மாப்பிள்ளை. ஒத்துக்குங்க, அபராதத்தோட முடிஞ்சிடும்" என்றார். இவன் என் முகத்தைப் பார்த்தான். மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்று நான்தான், பாவி, தலையாட்டினேன். கிடைத்தது மூன்று வருஷம் ஜெயில்.

புது வக்கீல் சின்னப் பெண். மாமாவிடமிருந்து கேஸ் கட்டை வாங்கி ஒரே ராத்திரியில் படித்துவிட்டாள். அந்தக் கட்டிடத்துக் காவலாளியின் பதிவேட்டு நகல் பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. மேனேஜர் சொல்லிப் பூட்டை உடைத்து லிஃப்ட்டை ஓடவிட்டதாக, நேரத்தோடு, காவலாளியே எழுதியிருக்கிறார். அதைக் கேட்ட அன்று எனக்கு அழுகைகூட வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டிலிருந்து பார்த்தால் எதிரே இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவன். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"ஒத்துக்கறதுக்கு முன்னாடி ஆதாரம் என்னன்னு வக்கீல்கிட்ட கேட்டீங்களா?" என்றார் அரசு வக்கீல்.

"இல்லைங்க."

"ஏன்?"

"மாமாகிட்ட எப்படிங்க கேள்வி கேக்கறது?"

யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மரியாதைதான் அவனை உள்ளே தள்ளியது என்று கத்தலாம் போலிருந்தது.

"அவர் கேஸ் கட்டைப் படிக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

மாமாவைப் பார்க்காமல் சொன்னேன். "ஒத்துக்கிட்ட அன்னிக்குக் காலைல கட்டு அவர் மடியில இருந்துச்சு. கயிறு அவுக்கவே இல்ல. கோர்ட்டு சீல் அப்படியே இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேங்க."

அடுத்து மாமா. படி ஏறும்போது கோட்டு நுனி கம்பியில் மாட்டிக்கொண்டது. அவரே குனிந்து மெதுவாக விடுவித்துக்கொண்டார். நாற்பது வருஷமாக அடுத்தவர்களை ஏற்றிய கூண்டு.

"ஆதாரம் முழுக்க உங்க கட்சிக்காரருக்குப் படிச்சுக் காட்டி விளக்குனீங்க. சரிதானே?" என்றார் அரசு வக்கீல். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மாமாவின் பேர் தப்பும், இவன் மிச்சத்தையும் உள்ளேயே கழிப்பான்.

மாமா கையை நீட்டினார். "அந்தப் பதிவேட்டு நகலைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். கொடுத்தார்கள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி, உதடு அசைய, முதலிலிருந்து படித்தார். பாதிப் பக்கத்தில் விரல் நின்றது.

"பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"ஒரு நிமிஷம் ஐயா" என்றார் மாமா, தலை நிமிராமல். "இன்னும் முடிக்கல."